தலைமை வடிவமைப்பாளரின் தாடை

இளங்கோ,

நேற்று மாலை என்னோடு பேசிவிட்டு நீ அணைத்த போன் இன்னும் அணைந்தே கிடக்கிறது. உன் அம்மா இரண்டு எண்களிலிருந்தும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை சென்னையில் உன் கம்பெனி விசாரணை அறையில் ஒரு காகிதத்தை உன் முன்னால் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போட்டுவிடு என்று நேற்று நான்தான் சொன்னேன். போடாதே என்று சொல்ல இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று சொல்லாமல் இதை மட்டும் சொன்னால், அப்பாவுக்கு வழக்கம்போல யார்மீதோ கோபம் என்று நினைத்துக்கொள்வாய். கோபம் இருக்கிறது. அது யார்மீது என்பதுதான் காலையிலிருந்து குழம்பிக் கிடக்கிறது. பொறுமையாகப் படி.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன். தவறு இருந்தால் திருத்து. நீங்கள் செய்துகொண்டிருக்கும் சிறிய ராக்கெட் இன்ஜினுக்குத் திரவ ஆக்சிஜன் போகும் குழாயை முதலில் வெறும் தண்ணீர் விட்டுச் சோதித்தீர்கள். ஓர் இணைப்பில் கசிந்தது. அதற்குரிய சீல் கையிருப்பில் இல்லை. நீயும் கூட வேலை செய்யும் ஜோயலும் சேர்ந்து, உன் பையில் கிடந்த தோல் துண்டிலிருந்து ஒரு வாஷர் வெட்டி, கிரீஸ் தடவி மாட்டினீர்கள். கசிவு நின்றது. தண்ணீருக்கு அது போதும். சோதனை முடிந்ததும் கழற்றியிருக்க வேண்டும். அவன் கழற்றுவான் என்று நீ நினைத்தாய், நீ கழற்றுவாய் என்று அவன் நினைத்தான். இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் குழாயைப் பிரித்துப் பார்த்துச் சரி சொல்வதற்கென்று இருந்த வேலையை, தேதி நெருங்குகிறது என்று நிர்வாகம் தூக்கிவிட்டது. அந்தக் குழாயில் திரவ ஆக்சிஜனைத் திறந்தபோது இணைப்பு வெடித்தது. வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்த டெக்னீஷியன் கவிதா இரண்டு முன்கைகளும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

வேறு ஊர்ப் பிள்ளைகள் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் பையில் தோல் இருந்திருக்காது. நம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் குழாய் கசிந்தால் தோல், மேஜை ஆடினால் காலுக்கு அடியில் தோல், கதவு காற்றில் அடித்துக்கொண்டால் இடுக்கில் தோல். உன் அம்மா ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவரும் வெட்டுத் துண்டுகள் இந்த வீட்டில் இல்லாத இடம் கிடையாது. நான் தோல் தொழில்நுட்பம் படித்தவன். பதப்படுத்திய எந்தத் தோலும் எண்ணெய் குடித்த தோல்தான். அந்த எண்ணெய் இல்லையென்றால் அது காய்ந்து பலகையாகிவிடும். எண்ணெயும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிமருந்து. இது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஜோயலுக்கும் தெரியும். தெரிந்த கைகள்தான் பழக்கத்தில் அதை வெட்டின.

நேற்று நீ போனில் சொன்னது இது. நிர்வாகத்துக்கு ஒரு பெயர் போதும். வாஷரை மாட்டியது ஜோயல் மட்டுமே, உனக்குத் தெரியாது என்று எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை நீங்கள் இருவரும் வெவ்வேறு இடத்தில் தங்க வேண்டும், ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்று உத்தரவு. அப்புறம் நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: “அவன் ஏற்கெனவே என் பேரைப் போட்டுக் குடுத்துட்டான்னு சொல்றாங்கப்பா.” நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அப்புறம் இன்னாடா யோசனை? நீயும் போட்டுட்டு வேலையைப் பாரு” என்றேன். “ரெண்டு பேரும் சேர்ந்துதானேப்பா வெட்டினோம்” என்றாய். “அவன் அப்பன் புத்தி அவனுக்கு இல்லாம போவுமா?” என்றேன். “சரிப்பா” என்றாய். அந்தச் சரியைத்தான் நான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜோயலின் அப்பா தேவராஜ் எனக்குச் செய்ததை நீ பால் குடிக்கிற வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இன்று காலைவரை எனக்கே அது முழுதாகத் தெரியாது. ராணிப்பேட்டையில் அந்தத் தோல் பதனிடும் ஆலையில் நான் கெமிஸ்ட், அவன் தோலை ஊறவைத்துப் பதப்படுத்தும் ஈரப் பகுதிக்கு சூப்பர்வைசர். ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டோம். ஒரு மழை நாளில் குரோமியக் கழிவு நின்றிருந்த தொட்டியின் வால்வு திறக்கப்பட்டு, எல்லாம் வாய்க்கால் வழியாகப் பாலாற்றுப் பக்கம் போயிற்று. கிணறுகள் கெட்டன. ஊர் திரண்டு வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். திறக்கச் சொன்னது மேனேஜர், போனில், தேவராஜிடம். ஆனால் விசாரணையில் என் முன்னால் வைக்கப்பட்ட காகிதத்தில், நான் சொல்லித்தான் திறந்ததாகத் தேவராஜ் எழுதியிருந்தான். கீழே அவனுடைய அழகான கையெழுத்து. அதற்குப் பிறகு ஆம்பூரிலிருந்து வாலாஜாவரை எந்த ஆலையும் என்னை உள்ளே விடவில்லை. ஷூ பாலிஷ் ரசாயனம் விற்றேன், பாலிடெக்னிக்கில் தற்காலிகமாகப் பாடம் எடுத்தேன். வீடு உன் அம்மாவின் சம்பளத்தில் நடந்தது. கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது நான் ஜன்னலில் நின்று பார்த்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும்.

அந்த வேலையில்லாத காலத்தில்தான் உனக்கு ரஷ்யர்களின் கதையைச் சொன்னேன். கல்லூரி நாட்களில் வேலூர்க் கோட்டைப் பக்கம் சோவியத் புத்தகங்கள் விற்கும் வண்டி வந்து நிற்கும். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, டீச் செலவை மிச்சம் பிடித்து வாங்கக்கூடிய விலை. ராக்கெட் முன்னோடிகள் பற்றித் தமிழில் இருந்த ஒன்றை அங்கே வாங்கினேன். உன்னை ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது ரயில்வே கேட் மூடியிருந்தால் அதிலிருந்து ஒரு துண்டு. அந்தப் பெயர்கள் உன் வாயில் நுழையவில்லை. நாமே பெயர் வைத்தோம். சின்ன வயதில் காய்ச்சலில் காது போய், ஒரு சிறிய ஊரில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, ராக்கெட் எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு வேகம் போகும் என்று கணக்குப் போட்டவர் நமக்கு ‘வாத்தியார்’. அவர் தகரத்தில் தானே புனல் செய்து காதில் வைத்துக்கொள்வார் என்றதும், நீ வீட்டில் எண்ணெய் ஊற்றும் புனலைக் காதில் வைத்துக்கொண்டு உன் அம்மாவிடம் அடி வாங்கினாய்.

வாத்தியாருக்கு அடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவரை ‘சீஃப்’ என்று அழைத்தோம். உயிரோடு இருந்தவரை அவருடைய பெயரை அந்த அரசு வெளியே சொல்லவில்லை, தலைமை வடிவமைப்பாளர் என்றுதான் பத்திரிகையில் வரும். இன்னொருவர் ‘இன்ஜின்காரர்’. பள்ளி மாணவனாக இருக்கும்போதே வாத்தியாருக்குக் கடிதம் எழுதியவர். சீஃப் தன் நண்பர்களோடு மாஸ்கோவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் முதல் ராக்கெட்டுகளைச் செய்தார். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உலோகத் துண்டுகளை ஒட்டிப் பற்றவைக்க வெள்ளி இல்லை என்று வீட்டிலிருந்து வெள்ளிக் கரண்டிகளைக் கொண்டுவந்து உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. உனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. வீட்டுப் பொருளைக் கொண்டுபோய் ராக்கெட்டில் வைக்கலாம் என்று உன் மண்டையில் ஏற்றியவன் நான்தான் என்று இப்போது தோன்றுகிறது. இதற்கு என்னை எந்த விசாரணையிலும் கூப்பிடமாட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் இவர்கள் கைதான கதை கிடையாது. அதை நான் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அரசு பயத்தால் ஆண்ட ஒரு காலத்தில், ராக்கெட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தவர்களை ஒவ்வொருவராக அள்ளிக்கொண்டு போனார்கள். தலைவர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்ஜின்காரரை முதலில் பிடித்தார்கள், சில மாதம் கழித்து சீஃபை. சீஃபுக்கு எதிரான வாக்குமூலங்களில் இன்ஜின்காரரின் கையெழுத்தும் இருந்தது என்கிறார்கள். விசாரணையில் அடித்த அடியில் சீஃபின் தாடை உடைந்தது. சரியாகக் கூடவே இல்லை. சைபீரியாவின் கோடியில் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். பற்கள் உதிர்ந்தன. பிறகு, படித்த கைதிகளை வைத்து விமானம் செய்ய அரசு நடத்திய சிறை ஆலை ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு மேலதிகாரி யார்? இன்ஜின்காரர். தன்னைக் காட்டிக்கொடுத்தவனின் கீழே, காவலுக்கு நடுவில் உட்கார்ந்து படம் வரைந்தார். அந்த இருவரும் சேர்ந்துதான் பின்னால் பூமியைச் சுற்றிய முதல் செயற்கைக்கோளை, முதல் மனிதனை மேலே அனுப்பினார்கள்.

நான் உனக்கு இதை எப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார். ஒவ்வொரு முறையும் தாடையிலிருந்து ஆரம்பிப்பேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் சரக்கு வண்டி போய்க்கொண்டிருக்கும், நான் சத்தமாக, “கூட வேலை செஞ்சவன்டா! கூட இருந்தவன்!” என்பேன். பக்கத்தில் பைக்கில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் நீ பின்னாலிருந்து கேட்டாய்: “இன்ஜின்காரரையும் அடிச்சாங்கல்லப்பா?” “அடிச்சா இன்னா?” என்றேன். “இல்ல, அவரையும் அடிச்சா அவர் இன்னா பண்ணுவாரு?” கேட் திறந்தது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. வண்டியை எடுத்தேன். பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு நீயே என்னைவிட அதிகமாகப் படித்துவிட்டாய். நிலவுக்குப் போகும் ராக்கெட் விஷயத்தில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான் வேண்டும் என்றார் சீஃப். தொட்டாலே எரியும் நச்சு எரிபொருளில்தான் பெரிய இன்ஜின் செய்ய முடியும் என்றார் இன்ஜின்காரர். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சீஃப் விமான இன்ஜின் செய்பவர் ஒருவரிடம் போய், சின்ன இன்ஜின்களாகக் கூட்டம் கூட்டமாக அடியில் கட்டினார். பாதி வேலையில் ஓர் அறுவை சிகிச்சையில் இறந்தார். அந்தத் தாடை திறக்காததால் தொண்டைக்குள் குழாய் விட முடியவில்லை என்று சொல்லப்படுகிறது. அவருடைய ராக்கெட் ஏவிய ஒவ்வொரு முறையும் தோற்றது. கடைசியில் சீஃப் நடத்திய நிறுவனத்துக்கே தலைவராக வந்து அதை நிறுத்தியவர் இன்ஜின்காரர். “பாத்தியா, துரோகிதான் ஜெயிப்பான்” என்றேன் நான். நீ சோற்றில் கை வைத்தபடி சொன்னாய்: “அது எரிபொருள் சண்டைப்பா. ரெண்டு பேருக்கும் ரெண்டு கணக்கு இருந்துச்சு. நீங்க எல்லாத்தையும் ராணிப்பேட்டையிலேர்ந்தே பாக்குறீங்க.” நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன். பின்னாளில் அதே இன்ஜின்காரர் மண்ணெண்ணெய், ஆக்சிஜனிலேயே மாபெரும் இன்ஜினைச் செய்தார் என்பதை நீ எனக்கு அனுப்பியபோதும் நான் பதில் போடவில்லை. செத்துப்போனவரின் எரிபொருளையே எடுத்துக்கொண்டு வேலை பார்த்த அந்த மனிதர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் உன் அறைத்தோழன் ஜோயல் என்றாய். அவன் அப்பா பெயரைக் கேட்டதும், “அவன் யார் பையன்னு தெரியுமாடா?” என்றேன். “தெரியும்பா. மொத வாரமே அவனே சொல்லி, சாரி கேட்டான்.” மகன் எதற்குக் கேட்க வேண்டும், அப்பன் எங்கே போனான் என்று கத்தினேன். நீ அறையை மாற்றவில்லை. நான் அதை உன்மேல் ஒரு குறையாக வைத்திருந்தேன்.

நேற்று நீ போனை வைத்ததும் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “அவன்கிட்ட இன்னா சொன்னீங்க?”

“சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.”

“ஒருத்தன் உங்க பேரைப் போட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்லினு திரியறீங்க. இப்போ உங்க புள்ளைய விட்டு இன்னொருத்தன் பேரைப் போடச் சொல்றீங்க. ரொம்ப நல்லாருக்கு!”

“அவன் மொதல்ல போட்டுட்டான்டி.”

“நீங்க பாத்தீங்களா?” என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்கும் குணம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று காலை நான் வாலாஜாப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மா நினைப்பதுபோல் சமாதானம் பேசப் போகவில்லை. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை: அவன் மகனுக்கு இது நடக்கும்போது தேவராஜின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். இவ்வளவு காலம் காத்திருந்தவனுக்கு அந்த ஒரு காட்சியாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். வேலூர்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லவேண்டிய வாக்கியங்களை எனக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். நன்றாகவே அடுக்கியிருந்தேன்.

கதவைத் திறந்தது அவன் மனைவி ரோஸி. “ஐயோ, அண்ணனா! உள்ள வாங்கண்ணா” என்றவள் உள்ளே திரும்பி, “ஏங்க, யாரு வந்துக்குறாங்க பாருங்க” என்று கத்தினாள். தேவராஜ் லுங்கியோடு நின்று ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தலை முழுதும் நரைத்திருந்தது. எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். என்னைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டான். அவள் ஓடிப்போய் எடுத்தாள்.

“இன்னாப்பா, வழி தப்பிட்டியா?” என்றான்.

“வழி தெரிஞ்சுதான் வந்தேன். நீ எங்க கிளம்பினு இருக்கே?”

“ஆம்பூருக்கு. உன் வூட்டுக்கு.”

“எதுக்கு? கால்ல வுழவா?”

“வுழுந்தா தூக்கிவுடுவியா? மொதல்ல உக்காரு. உன் பையன் கையெழுத்து போட்டுட்டானா?”

“உன் பையன் போட்டாச்சு இல்ல? அப்புறம் என் பையன் போட்டா உனக்கு இன்னா?”

“எவன் சொன்னான்?”

“கம்பெனியில சொன்னாங்களாம்.”

தேவராஜ் மனைவியைப் பார்த்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்தான். “ஜோயல்கிட்ட உன் பையன் போட்டுட்டான்னு சொல்லிக்குறாங்கப்பா. உன் பையன்கிட்ட இவன் போட்டுட்டான்னு சொல்லிக்குறாங்க. அதே வேலை. அச்சு அசலா எனக்குப் பண்ண அதே வேலை.”

“உனக்கு இன்னா பண்ணாங்க? உன்னைக் கட்டி வெச்சா வாங்கினாங்க?”

“ஏசி ரூம்ல உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. ‘உன் தோஸ்த் காலையிலேயே வந்து உன் பேரை எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டான், நீ இன்னும் அவனுக்காக வாயை மூடினு இருக்கியே’ன்னான் மேனேஜர்.”

“நான் எழுதிக் குடுக்கல.”

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“நீ வேலையை வுட்டுப் போன மறுவாரம். கிளார்க் சொன்னான்.”

“தெரிஞ்சும் நீ வரல.”

“எந்த மூஞ்சியை வெச்சினு வர்றது?”

ரோஸி உள்ளிருந்து சொன்னாள்: “நான் அன்னிக்கே சொன்னேண்ணா, போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்கன்னு. சட்டைய மட்டும் இஸ்திரி போடுவாரு. போவ மாட்டாரு.”

நான் அடுக்கிவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அந்த அறையில் செல்லுபடியாகவில்லை. தேவராஜ் போனை எடுத்து ஜோயலைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டில்மேல் வைத்தான். “இளங்கோ அப்பா வந்துக்குறாருடா. பேசு.” அந்தப் பையன், “அங்கிள், நான் இன்னும் போடல அங்கிள். அவன் போட்டுட்டான்னு சொன்னாங்க. நான் நம்பல. அவன் போன் ஆஃப்ல இருக்கு. அவன் போட்டுட்டானா அங்கிள்?” என்றான்.

இளங்கோ, போடமாட்டான், அவன் என் மகன் என்று சொல்ல வாய் எடுத்தேன். நீ என் மகன் என்பதால்தான் அதைச் சொல்ல முடியவில்லை. நேற்று நீ சொன்ன ‘சரிப்பா’ வந்து குறுக்கே நின்றது. “எனக்குத் தெரியலப்பா” என்றேன். தேவராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் பார்க்க விரும்பிப் போன முகம் அதுதான். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சுகமும் இல்லை. அவனுக்கு என் முகம் எப்படித் தெரிந்ததோ.

தேவராஜை நான் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. தாடை உடைபடும் அறையில் ஒருவன் போடும் கையெழுத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கேட் மூடியிருந்த அன்று நீ கேட்டதற்கு அதுதான் பதில், ரொம்பத் தாமதமான பதில். நம் ஆட்களை யாரும் அடிக்கவில்லை. டீயும் ஒரு பொய்யும் போதுமாக இருந்தன. அந்தப் பொய்யை அவன் ஏன் நம்பினான் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். அவ்வளவு நாள் கூடச் சாப்பிட்டவன் ஒருமுறை என் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த இடத்தில் என் வழக்கு இன்னும் இருக்கிறது, நான் சாகும்வரை இருக்கும். ஆனால் அது என் வழக்கு. நேற்று அதை உன் பேனாவில் ஊற்றி நடத்தப் பார்த்தேன். அதே பொய் எனக்கு ஒரு போன் தூரத்தில் வந்தது, டீகூடத் தேவைப்படவில்லை, நம்பிவிட்டேன்.

இனி நீ செய்யவேண்டியதாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பேசக்கூடாது என்ற உத்தரவை மீறி இன்றே ஜோயலைப் பார். அவர்கள் எழுதி வைத்திருக்கும் காகிதத்தைத் தொடாதே. நடந்ததை நீங்களே எழுதுங்கள். தோல் யாருடையது, யார் வெட்டியது, யார் கிரீஸ் தடவியது, இருவரும் எதை நினைத்துக் கழற்றாமல் விட்டீர்கள், எல்லாம். அதோடு, நடுவில் பிரித்துப் பார்க்கும் வேலையை யார் எதற்காக நிறுத்தினார்கள் என்பதையும் எழுதுங்கள். ஜோயல் ஒருவனுடைய கவனக்குறைவு என்று மூடிவிட்டால் அந்த வேலை மறுபடி வரப்போவதில்லை. அடுத்த குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு கவிதா நிற்பாள். அவளிடம் இதுவரை யாராவது போய் எதனால் வெடித்தது என்று சொன்னீர்களா? கட்டுப்போட்ட கையோடு படுத்துக்கொண்டு, தான்தான் வால்வைத் தப்பாகத் திறந்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். திங்கட்கிழமைக்கு முன்னால் இருவரும் அங்கே போய்விட்டு வாருங்கள். அவள் உங்களை வாய்விட்டுத் திட்டட்டும். வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்றே மின்னணுக் கையெழுத்தாகப் போட்டு அனுப்பியிருந்தால்? அதையும் நினைத்துப் பார்த்தேன், அதை நினைத்தபோதுதான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். போட்டிருந்தால், என் அப்பா சொல்லிப் போட்டேன், அது உண்மையில்லை என்று எழுதிக் கொடு. என் பெயரைத் தாராளமாக எழுது. என் பெயர் காகிதங்களில் வந்து பழகியதுதான். இந்த முறையாவது நான் செய்ததற்காக வரட்டும்.

இதனால் நல்லது நடக்கும் என்று சொல்லமாட்டேன். இருவருக்குமே வேலை போகலாம். நம் நாட்டில் ராக்கெட் கம்பெனிகள் தோல் ஆலைகள் அளவுக்குக்கூட இல்லை, ஒருவர் பெயர் மற்றவருக்கு உடனே தெரிந்துவிடும். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதெல்லாம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என்னைப் பார்த்து உனக்கும் தெரியும். ஆனால் நான் தனியாக இருந்தேன். அந்தத் தனிமைதான் என்னை இப்படி ஆக்கியது; வேலை போனது அல்ல. நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள்.

நான் கிளம்பும்போது தேவராஜ் செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். வரவேண்டாம் என்றேன், வந்தான். “திங்கக்கெழம காலையில ரெண்டு பேரும் போய் அந்தக் கம்பெனி வாசல்ல நிப்போம்” என்றான்.

“நின்னு?”

“சும்மா நிப்போம். ரெண்டு அப்பனும் ஒண்ணா நிக்கிறதைப் பார்த்தா, அவன் சொன்னான் இவன் சொன்னான்ற கதை எடுபடாது.”

“நீயும் நானும் ஒண்ணா நிக்கிறோம்னு யாரு சொன்னது?”

“சரி, ரெண்டடி தள்ளி நில்லு” என்றான்.

அதனால் வருகிறோம். காலை ரயில். நான் ஆம்பூரில் ஏறுவேன், அவன் வாலாஜாவில். நடுவில் காட்பாடியில் கூட்டம் அடித்துக்கொண்டு ஏறும். என் பக்கத்தில் ஒரு துண்டைப் போட்டு அவனுக்கு இடம் பிடித்து வைக்கச் சொல்கிறாள் உன் அம்மா. சென்னைவரை நின்றுகொண்டே வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். துண்டு பையில்தான் இருக்கும். காட்பாடியில் என்ன செய்வேன் என்று இப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் வந்து சேரும்போது நீயும் ஜோயலும் வாசலுக்கு வெளியே இருங்கள். கூப்பிட்டாலும் தனித்தனியாக உள்ளே போகாதீர்கள்.

அப்பா